தொழில்திறனின் உரைகல்

பொன்னை உரைத்துப் பார்க்க உரைகல் உண்டு. நெல்லை அளந்து பார்க்க மரக்கால் உண்டு. ஒருவன் கற்ற தொழிலை உரைத்துப் பார்க்கும் கல் எது? அக்கல்லைக் கையில் பிடித்திருப்பவர் யார்? கடல் கடந்து பிழைக்கச் சென்ற தமிழரின் வரலாற்றை இவ்விரு வினாக்களைக் கொண்டே எழுதிவிடலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

இன்று வாஷியில், நம் குடியிருப்பில், மாலை வேளையில் நால்வர் கூடினால் பேச்சு ஆஸ்திரேலியாவுக்கோ கனடாவுக்கோ சென்றுவிடுகிறது. "அசெஸ்மெண்ட் வந்துவிட்டதா?" என்பதே நலம் விசாரிக்கும் சொல்லாகிவிட்டது. தான் கற்ற தொழில் அந்நாட்டின் அளவுகோலுக்கு ஒத்தது என்று, விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்னரே அந்நாடு குறிப்பிட்ட நிறுவனத்திடம் சான்று பெறவேண்டும். அதுவே தொழில்திறன் மதிப்பீடு. இது நேற்று முளைத்த வழக்கம் என்று நம் இளைஞர் எண்ணுகின்றனர். அதன் வேர் நெடுந்தூரம் ஓடுகிறது.

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதற் கூட்டத்தார் அதில் வந்திறங்கினர். அவ்வாறு சென்றோரைப் பற்றிய கப்பற் பட்டியல்கள் இன்றும் உள்ளன. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடலில் உள்ள அடையாளம் ஆகியவை அவற்றில் காணப்படும். இன்ன இடத்தில் தழும்பு, இன்ன இடத்தில் மச்சம் என்று எழுதிவைத்தவர்க்கு, அந்த மனிதன் ஏர் பிடித்தவனா, தறி நெய்தவனா என்பது பொருட்டாகவில்லை. பின்னாளில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றோர் மண்டபம் முகாமில் நிறுத்தப்பட்டனர். அங்கே அம்மை குத்தினர். கொக்கிப்புழு நோய்க்கு மருந்து கொடுத்தனர். அன்றைய உரைகல் உடம்பு ஒன்றே.

1922-ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் ஒரு கோடு கிழித்தது. திறன் வேண்டாத வேலை, திறன் வேண்டும் வேலை என்று இரண்டாகப் பிரித்து, இரண்டிற்கும் வெவ்வேறு விதிகள் வகுத்தது. கைவினைஞரும், எழுத்தரும், கடைச் சிப்பந்தியும் திறனுடையோர் வரிசையில் வைக்கப்பெற்றனர். பேனா பிடித்தவனும் திறனாளன் என்று சட்டமே கூறியது நம் போன்ற எழுத்தர்க்குச் சற்றுப் பெருமைதான்!

ஆயினும் வெள்ளையர் குடியேறிய நாடுகளில் வேறொரு கல் வைத்திருந்தனர். நேட்டால் 1897-இலும், ஆஸ்திரேலியா 1901-இலும் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றின. ஐரோப்பிய மொழியில் எழுதிக் காட்டினால்தான் உள்ளே விடுவோம் என்பது அவற்றின் சாரம். ஆஸ்திரேலியாவில் அதிகாரி 50 சொற்களைச் சொல்ல, வந்தவர் பிழையின்றி எழுதவேண்டும். எந்த மொழியில் என்பதை முடிவு செய்பவரும் அதிகாரியே. 1934-இல் எகோன் கிஷ் என்னும் எழுத்தாளருக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். அவர் ஐரோப்பிய மொழிகள் பல அறிந்தவர். அரசியல் காரணத்தால் அவரை விலக்க விரும்பிய அதிகாரிகள் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் எழுதச் சொன்னார்கள்! வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. தேர்வு செல்லாது என்று தீர்ப்பாயிற்று. தேர்வின் பெயரால் நிறத்தைப் பார்த்துத் தள்ளிய அம்முறை 1958-இல்தான் சட்டத்திலிருந்து நீங்கியது. உரைகல் பொய்யானால், பொன்னும் பித்தளை எனப்படும் அன்றோ?

இனி நம் பம்பாய்க்கு வருவோம். தாராவியில் தோல் பதனிட வந்த திருநெல்வேலியாரை எவரும் சான்றிதழ் கேட்கவில்லை. கை பழகிய வேலையே சான்று. மாதுங்காவில் அறை எடுத்துத் தங்கிய நம் முன்னோரோ தட்டச்சு, சுருக்கெழுத்துச் சான்றிதழ்களைப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டு ரயிலேறினர். 'லோயர்', 'ஹையர்' என்ற இரு சொற்கள் எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போட்டன! அப்போதும், சான்றிதழைப் பார்த்த முதலாளி, பொறியின் முன் உட்காரவைத்துக் கடிதம் ஒன்றைத் தட்டச்செய்த பிறகே வேலை கொடுத்தார்.

1973-இல் எண்ணெய் விலை ஏறியபின் வளைகுடா நாடுகள் கட்டடம் எழுப்பத் தொடங்கின. அவற்றிற்கு ஆள் எடுக்கும் பெருவாயிலாகப் பம்பாய் ஆயிற்று. நம் சங்கத்து அன்பர் ஒருவர் எண்பதுகளின் தொடக்கத்தில் வெல்டராகச் சென்றவர். இரண்டு இரும்புத் தகடுகளைக் கொடுத்துப் பற்றவைக்கச் சொன்னார்களாம். ஆறியபின் அதைத் துண்டாக வெட்டி, வளைத்து, விரிசல் கண்டதா என்று பார்த்தார்களாம். விரிசல் இல்லை, வேலை கிடைத்தது. "அந்தத் தகடுதான் என் பட்டம்" என்று அவர் இன்றும் சொல்லுவார். மாதுங்கா ரயில்வே பணிமனையில் தொழிலாளி ஒருவர் மேல்நிலைக்கு உயர எழுதும் 'ட்ரேட் டெஸ்ட்' இதற்கு உடன்பிறப்பே. ஒரு வேறுபாடு உண்டு. ரயில்வேயில் தேறிய செய்தி பணிப்பதிவேட்டில் ஒரு வரியாக ஏறி நிலைத்துவிடும். அவ்வன்பரின் தகடோ பழைய இரும்போடு போயிற்று. எட்டாண்டு உழைத்துத் திரும்பியவர் கையில் அனுபவச் சான்று ஒன்றும் இல்லை. கேட்கவேண்டும் என்று அவருக்கு அன்று சொல்வாரும் இல்லை.

இதற்கிடையே உலகம் வேறொரு முறையைக் கண்டது. பிறநாட்டுத் தொழிலாளரின் திறனைச் சோதித்து ஏற்கும் குழுக்களை ஆஸ்திரேலியா 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே அமைத்தது. 1967-இல் கனடா புள்ளி முறையைக் கொணர்ந்தது. கல்வி, வயது, தொழில், மொழி என்று பகுத்து, மொத்தம் 100-க்கு 50 புள்ளி பெற்றவர் எந்நாட்டவராயினும் தகுதியுடையவர் என்றது. 1973-இல் வெள்ளையர்க்கே முதலிடம் என்னும் கொள்கையை முற்றும் கைவிட்ட ஆஸ்திரேலியா, 1979-இல் தானும் புள்ளி முறையை மேற்கொண்டது. பிறப்பை விட்டுப் படிப்பையும் தொழிலையும் எடை போடத் தொடங்கிய இம்மாற்றம் சிறிதன்று. அம்முறை வந்திராவிடில் நம் பிள்ளைகள் அங்கே காலூன்றியிரார்.

ஆனால் எடை போடுவதற்குத் தாள் வேண்டும். கனடாவிற்குப் பெரும்பாலும் படிப்பை மதிப்பிட்ட சான்று போதும். 2013 முதல் அது கட்டாயம். ஆஸ்திரேலியாவில் தொழிலுக்கொரு நிறுவனம். கணினித் துறையினர்க்கு ஆஸ்திரேலியக் கணினிச் சங்கம். பொறியாளர்க்கு எஞ்சினியர்ஸ் ஆஸ்திரேலியா. வேறு பல தொழில்களுக்கு வெட்டஸ்ஸெஸ். 2014-இல் இந்தியா வாஷிங்டன் உடன்பாட்டில் முழு உறுப்பு நாடாயிற்று. அதன்கீழ் அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவில் பயின்ற பொறியாளர்க்கு வழி எளிது. ஏனையோர் தம் பணியிலிருந்து மூன்று நிகழ்ச்சிகளை, ஒவ்வொன்றும் 1000 முதல் 2500 சொற்களில், தாமே ஆங்கிலத்தில் எழுதித் தரவேண்டும்.

மேலே சொன்ன வெல்டர் அன்பரின் மகன் ஒரு கட்டுமானப் பொறியாளர். அவர் எழுதிய முதற் படியை நம்மிடம் காட்டினார். "நாங்கள் பாலம் கட்டினோம், நாங்கள் அடித்தளம் இட்டோம்" என்று எங்கும் 'நாங்கள்' மயம். மதிப்பிடுவோர் அதை ஏற்பதில்லை. நீ கணக்கிட்டது எது, நீ முடிவு செய்தது எது என்று கேட்கின்றனர்; 'நான்' என்றே எழுதப் பணிக்கின்றனர். தன்னைத் தானே புகழலாகாது என்று வளர்க்கப்பட்ட நம் பிள்ளைகளுக்கு அச்சொல் எளிதில் வருவதில்லை. இக்கட்டுரையிலேயே நாம் 'நாம்' என்றுதானே எழுதுகிறோம்! ஆனால் அது செருக்கன்று. பதிவேட்டில் அவரவர் பெயருக்கு நேரே அவரவர் செய்த வேலையை எழுதுவது போன்றதே. அந்த இளைஞர் மூன்று வாரம் உட்கார்ந்து திருத்தி எழுதினார்.

அவ்வேளையில் தரகர் ஒருவர், "ஏன் துன்பம்? ஆயத்தமாக எழுதிய கட்டுரை இருக்கிறது; பணம் கொடுத்தால் போதும்" என்றாராம். அவ்வழி படுகுழி. பிறர் எழுத்தைத் தமதென்று காட்டியது வெளிப்பட்டால் விண்ணப்பம் தள்ளப்படும். குறித்த காலம் மீண்டும் விண்ணப்பிக்கவும் தடை விழும். "என் தகடை நானே பற்றவைத்தேன், உன் தாளை நீயே எழுது" என்று தந்தை சொல்லிவிட்டார். இதற்கு மேல் நாம் சொல்ல என்ன இருக்கிறது?

தாளைக் கொண்டு அளப்பது முழுமையான அளவை என்று நாம் கூறவில்லை. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ், குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோரில், பத்தாம் வகுப்புத் தேறியவர்க்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை; தேறாதவர்க்குத் தேவை. மெட்ரிக்குலேஷன் தேறிய நமக்கு அவ்விலக்கு உண்டு. முப்பதாண்டு குழாய்ப் பணி செய்து கைதேர்ந்தவர் பள்ளி முடிக்கவில்லையேல் இல்லை. திறன் யாரிடம் மிகுதி? அதே சமயம் தாளே இல்லாதவரைத் தரகர் ஏமாற்றுவதும், முதலாளி குறைத்துக் கொடுப்பதும் எளிது. கைத்திறனும் வேண்டும், அதற்குச் சான்றும் வேண்டும். இரண்டையும் இணைக்கும் முயற்சிகள் வந்துள்ளன. பள்ளியில் கல்லாது பழகிக் கற்ற தொழிலையும் சோதித்துச் சான்று தரும் திட்டம் 2015 முதல் நம் நாட்டில் நடைபெற்றுள்ளது.

ஆதலின் நம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். நியமன ஆணை, சம்பளச் சீட்டு, வருங்கால வைப்புநிதிக் கணக்கு, பாடத்திட்டம் ஆகிய எதையும் எறியாதீர்கள். வேலையை விட்டு விலகும் நாளிலேயே, இன்ன பதவியில், இன்ன காலம், இன்ன பணிகள் செய்தார் என்று விளங்கும் அனுபவச் சான்று பெறுங்கள். நிறுவனம் மூடியபின் அலைவதில் பயனில்லை. பெயரில் கருத்து வையுங்கள். நம் தலைப்பெழுத்து வழக்கத்தால் பள்ளிச் சான்றில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்றாகி, ஒரே மனிதர் இருவராய்த் தோன்றுவதை எத்தனையோ கோப்புகளில் கண்டிருக்கிறோம். மதிப்பீடு கிடைத்தால் விசா கிடைத்ததென்று எண்ணி வேலையையும் விட்டுவிடாதீர்கள். அது முதற் படியே.

சங்கத்திற்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டில் ஒரு ஞாயிறு மாலை, நம் அரங்கில் நான்கு மேசைகள் இடுவோம். சான்றுகளை ஒழுங்கு செய்யத் தெரிந்தவர் ஒன்றில் அமரட்டும். ஆங்கிலம் திருத்தவல்லவர் ஒன்றில் அமரட்டும். முன்னர் இவ்வழி சென்று மீண்டவர் ஒன்றில் அமரட்டும். நான்காவது மேசையை நம் பெரியவர்களுக்கு வைப்போம். தகடு பற்றவைத்தவரும், தோல் பதனிட்டவரும், தட்டச்சுப் பொறியின் முன் அரை வாழ்நாளைக் கழித்தவரும் தாம் செய்த தொழிலைச் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். அவர்களுக்கு இனி விசா வேண்டியதில்லை. ஆயினும் ஒருவர் வாழ்நாளெல்லாம் செய்த வேலை ஒரு தாளிலேனும் அவர் பெயரோடு நிற்கவேண்டும் அன்றோ!