பாஸ்டன் பனிக்கட்டியும் பழனிமலை உறைபனியும்

கொடைக்கானல் ஏரிக்கரையில் டிசம்பர் மாதத்தில் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். கம்பளிச் சட்டையும் காதை மூடிய குல்லாயுமாக நடுங்கிக்கொண்டு நிற்பவர்களின் கையில் ஐஸ்கிரீம் இருக்கும். குளிரில் நடுங்கிக்கொண்டே ஏன் தின்ன வேண்டும் என்று கேட்காதீர்கள்; அது நாக்கின் விவகாரம், இயற்பியலின் விவகாரம் அன்று. நான் கேட்க விரும்புவது வேறு. அந்த ஐஸ்கிரீமில் உள்ள குளிர் எங்கிருந்து வந்தது? சுற்றிலும் இவ்வளவு குளிர் இருக்கும்போது, அதை உறையவைக்க ஓர் இயந்திரம் எதற்கு?

இன்றைய குழந்தைகள் சாதாரண ஐஸ்கிரீமோடு நின்றுவிடுவதில்லை. அமெரிக்கக் கேளிக்கைப் பூங்காக்களில் விற்கும் முத்து ஐஸ்கிரீமைப் படத்தில் பார்த்துவிட்டு, மிளகு மிளகாக உருளும் அந்தப் பண்டம் நம் ஊரில் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். அதன் கதைக்குக் கடைசியில் வருவோம். ஆனால் குளிர்ந்த பொருள் ஒன்று எவ்வளவு தூரத்திலிருந்து வரவேண்டும் என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. சுமார் 180 ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒருவர் இதைக் கேட்டிருந்தால், அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து என்பதுதான் பதில்.

பிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வணிகர் குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் குளங்களிலிருந்து பனிக்கட்டியை வெட்டி, கப்பலில் ஏற்றி, வெப்ப நாடுகளில் விற்கலாம் என்று நினைத்தார். 1806-ல் மேற்கிந்தியத் தீவான மார்ட்டினிக்கிற்கு முதல் கப்பல் போயிற்று. ஊரார் சிரித்தார்கள். கடன்காரர்கள் சிறையிலும் அடைத்தார்கள். மனிதர் விடவில்லை. 1833 மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனிலிருந்து புறப்பட்டு, பூமத்திய ரேகையை இருமுறை கடந்து, நான்கு மாதத்தில் கல்கத்தா சேர்ந்தது. ஏறத்தாழ 100 டன் உருகாமல் இருந்தது. கும்பினி அரசு அதற்குச் சுங்கவரியே விதிக்கவில்லை. பிறகு சென்னையிலும் பம்பாயிலும் டியூடரின் கிடங்குகள் எழுந்தன. சென்னைக் கடற்கரையில் 1842-ல் கட்டிய வட்ட வடிவக் கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். அப்போது சென்னையில் துறைமுகம் கிடையாது. சரக்குகள் எல்லாம் அலைகளின் மேல் மசூலாப் படகுகளில் ஆடி ஆடிக் கரை சேர்ந்த காலம் அது.

டியூடரின் வெற்றிக்குக் காரணம் என்ன? மரத்தூள்! மரம் அறுக்கும் ஆலைகளில் வீணாகக் கிடந்த தூளைப் பாளங்களைச் சுற்றித் திணித்தார். தூளுக்கிடையில் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. நம் ஊர் சோடாக்கடைகளில் ஐஸ்பாளத்தை உமியில் புதைத்துச் சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்தார்களே, அதுவும் இதே வித்தைதான்.

மரத்தூள் எவ்வளவு நன்றாக வேலை செய்தது என்பதை ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 0 டிகிரியில் உள்ள ஒரு கிராம் பனிக்கட்டி 0 டிகிரி நீராக உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். இதுவே உள்ளுறை வெப்பம். வழியில் 80 டன் உருகியது என்றால், நான்கு மாதத்தில் கப்பலின் பனிக்கட்டிக்குள் புகுந்த வெப்பம் 640 கோடி கலோரி. மலைத்துவிடாதீர்கள். நான்கு மாதத்தை வினாடிகளாக்கி வகுத்துப் பாருங்கள். சுமார் இரண்டரைக் கிலோவாட்தான் வருகிறது. இரண்டு மூன்று மின்சார இஸ்திரிப் பெட்டிகள் தரும் வெப்பம்! அவ்வளவு பெரிய கப்பலுக்குள், வெப்ப மண்டலக் கடல் வழியே, உள்ளே போனது அவ்வளவே.

இங்கே பழனிமலைக்கு வருவோம். வாசகர்களில் சிலருக்கு ஓர் ஐயம் எழுந்திருக்கும். சென்னைக்குத் தெற்கே சில நூறு கிலோமீட்டர் தூரத்தில், ஆண்டுதோறும் உறைபனி விழும் மலை இருக்கிறது. அதை விட்டுவிட்டு உலகத்தின் மறுபக்கத்திலிருந்து பனிக்கட்டி கொண்டுவருவானேன்?

அந்த மலையைத் தேடி வந்தவர்களும் பாஸ்டனோடு தொடர்புடையவர்கள்தாம் என்பது ஒரு விந்தை. பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மதச் சங்கம் ஒன்று 1834-ல் மதுரையில் பணி தொடங்கியது. வந்தவர்களில் பலரைச் சில ஆண்டுகளுக்குள் நோய் கொண்டுபோயிற்று. சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள். காய்ச்சல் அங்கும் விடவில்லை. கடைசியில் 1845-ல் கொடைக்கானலில் இரண்டு வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். ஐஸ் ஹவுஸ் எழுந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரே ஊரோடு தொடர்புடைய இரு கூட்டத்தாரில் ஒரு கூட்டம் குளிரைக் கீழே கொண்டுவந்தது. இன்னொரு கூட்டம் குளிர் இருக்கும் இடத்துக்கு ஏறிப்போனது. ஏறிப்போனது என்று சொல்வதுகூட முழு உண்மையன்று. பெண்களையும் குழந்தைகளையும் நோயாளிகளையும் டோலியில் வைத்துச் செங்குத்தான பாதையில் தோளில் சுமந்து ஏற்றியவர்கள் மலையடிவாரத்து உழைப்பாளிகள். அவர்களுக்குச் சென்னை ஐஸ் ஹவுஸின் ஒரு துண்டுகூட எட்டியிராது. நாம் இன்று பார்க்கும் ஏரி, மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்சின் முயற்சியால் 1863-ல் உருவானது.

சரி, கொடைக்கானல் எவ்வளவு குளிர்? ஒரு கிலோமீட்டர் மேலே போனால் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். ஜனவரி விடியற்காலையில் மதுரையில் 21 டிகிரி என்றால், இங்கே 8 டிகிரி. உறைநிலைக்கு இன்னும் 8 டிகிரி மிச்சம் இருக்கிறது! அப்படியானால் மன்னவனூர்ப் புல்வெளியும் ஏரியை ஒட்டிய பள்ளங்களும் காலையில் வெள்ளை வெளேரென்று இருப்பது எப்படி?

இந்தப் புதிருக்கு விடை வட இந்தியாவிலிருந்து கிடைத்தது. அலகாபாத் பகுதியில் பனிக்கட்டி செய்யும் பழைய முறை ஒன்று இருந்தது. திறந்த வெளியில் ஆழமில்லாத குழிகள் வெட்டி, வைக்கோல் போன்றவற்றைப் பரப்பி, அதன்மேல் தட்டையான மண்பாத்திரங்களில் நீர் ஊற்றி இரவில் விட்டுவிடுவார்கள். காற்று உறைநிலைக்குக் கீழே போகாத இரவிலும், விடியுமுன் நீரின்மேல் பனி ஏடு படிந்திருக்கும். இதை நேரில் கண்ட சர் ராபர்ட் பார்க்கர் 1775-ல் இலண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். நீர் ஆவியாவதால்தான் குளிர்கிறது என்று பலர் கருதினார்கள். 1814-ல் பனித்துளி பற்றி ஆராய்ந்து எழுதிய வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர், இது முதன்மையாகக் கதிர்வீச்சின் வேலை என்று காட்டினார். மேகமற்ற இரவில் நீரும் புல்லும் தம் வெப்பத்தை வானத்தை நோக்கி வீசிவிடுகின்றன. வைக்கோல் தடுப்பதால் தரையிலிருந்து வெப்பம் மேலேறி ஈடுசெய்ய முடியவில்லை. ஆகவே புல்நுனி, தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றைவிடவும் குளிர்ந்துபோகிறது.

கொடைக்கானலிலும் நடப்பது இதுதான். மெல்லிய, தூசி குறைந்த, வறண்ட குளிர்காலக் காற்று வெப்பக்கதிர்களை எளிதில் வெளியே விடுகிறது. போதாக்குறைக்குக் குளிர்ந்த காற்று கனமானதால் சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் குளம்போல் தேங்குகிறது. 1899-ல் சென்னையை விட்டுச் சூரிய ஆய்வுக்கூடத்தை இங்கே கொண்டுவந்ததற்கு இத்தகைய தெளிந்த காற்றும் ஒரு காரணம். பகலில் சூரியனைத் துல்லியமாகக் காட்டும் அதே காற்று, இரவில் பூமியின் வெப்பத்தைத் தடுக்காமல் வழியனுப்பி வைக்கிறது. சுற்றுலா வந்தவர் அதைப் படமெடுத்து மகிழ்வார். உருளைக்கிழங்கும் பீன்ஸும் பயிரிட்டவர் கருகிய இலையைப் பார்த்துக் கலங்குவார்.

ஆனால் இந்த உறைபனி ஒரு மெல்லிய படலந்தான். ஏரி உறைவதில்லை. பாஸ்டன் குளத்தைப்போல் குதிரை பூட்டிய கலப்பையால் பாளம் பாளமாக அறுக்க முடியாது. அலகாபாத் முறையில் பாத்திரங்களை வைத்துச் சேர்த்தாலும், கீழே எப்படிக் கொண்டுபோவது? மோட்டார் போகும் மலைச்சாலை 1910-களில்தான் வந்தது. அதற்குமுன் தலைச்சுமைதான். ஒருவர் 25 கிலோ சுமப்பதாகக் கொள்வோம். பொருள் சிறிதாகச் சிறிதாக, அதன் எடையோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு பெருகும். மேற்பரப்பு வழியாகத்தானே வெப்பம் நுழைகிறது! 180 டன் குவியலைவிட 25 கிலோப் பாளத்துக்கு, கிலோவுக்குக் கிலோ பார்த்தால், மேற்பரப்பு ஏறத்தாழ 19 மடங்கு. நான்கு மாதக் கப்பல் பயணத்தைத் தாங்கிய பனிக்கட்டி பெரிதாக இருந்ததால் தாங்கியது. பெரியகுளம் அடிவாரத்துக்கு வந்து சேர்வதற்குள் சுமப்பவரின் தோளை நனைத்துவிட்டு, நம் பாளம் பெருமளவு கரைந்திருக்கும். பக்கத்தில் இருப்பது எப்போதும் எளிதில் கிடைப்பதன்று!

பாஸ்டன் வணிகத்தை முடித்துவைத்தது இயந்திரம். ஒரு திரவம் ஆவியாகும்போது சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்ளும் என்பது பானைத் தண்ணீர் குடித்த எவருக்கும் தெரியும். அந்த ஆவியை அழுத்தி மீண்டும் திரவமாக்கி, திரும்பத் திரும்ப ஆவியாக்கினால் குளிர் தொடர்ந்து கிடைக்கும். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் 1850-களில் ஈதரைக் கொண்டும், ஜெர்மனியில் கார்ல் லிண்டே 1870-களில் அம்மோனியாவைக் கொண்டும் இதைச் செய்துகாட்டினர். சென்னையில் 1874-ல் பனிக்கட்டிக் கம்பெனி தொடங்கியது. சில ஆண்டுகளில் ஐஸ் ஹவுஸ் வெறும் கிடங்காயிற்று. வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கி வீடாக்கினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே தங்கினார். 1963-ல் அது விவேகானந்தர் இல்லம் என்று பெயர் பெற்றது. எனினும் அந்தப் பகுதியை மக்கள் இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் சொல்கிறார்கள்.

பனிக்கட்டி கிடைத்துவிட்டால் ஐஸ்கிரீம் வந்துவிடுமா? வராது. சர்க்கரை கரைந்த பால் 0 டிகிரியில் உறையாது. அதற்குக் கீழே போகவேண்டும். உப்பைத் தூவினால் பனிக்கட்டி உருகிக்கொண்டே மேலும் குளிரும். சரியான விகிதத்தில் மைனஸ் 21 டிகிரிவரை போகும். குல்பி செய்பவர்கள் இதை நெடுநாளாக அறிவார்கள். 1843-ல் அமெரிக்காவில் நான்சி ஜான்சன் என்ற பெண்மணி கையால் சுற்றும் ஐஸ்கிரீம் வாளிக்கு உரிமம் பெற்றதும் இந்த உப்புக் கலவையை நம்பித்தான். கரைந்த பொருள் உறைநிலையைக் கீழே தள்ளும் என்பதை நீங்களே சோதிக்கலாம். பழனிமலை விருப்பாட்சி வாழைப்பழமும் சர்க்கரையும் சேர்ந்த பஞ்சாமிர்தத்தையும் ஒரு கிண்ணம் தண்ணீரையும் குளிர்ப்பெட்டியின் உறையறையில் இரவு முழுதும் வையுங்கள். தண்ணீர் கல்லாகிவிடும், பஞ்சாமிர்தத்தில் கரண்டி இறங்கும்.

நம் ஊர்களில் ஐஸ் கம்பெனிகள் பெருகியபின், சைக்கிள் பெட்டியில் குச்சி ஐஸும் சேமியா ஐஸும் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தன. டோலி சுமந்தவரின் பேரப்பிள்ளைக்கு ஒரு துண்டுக் குளிர் சில்லறைக் காசுக்குக் கிடைத்தது. இந்தக் கதையில் எனக்கு மிகப் பெரிய மாறுதலாகத் தோன்றுவது இதுவே. டியூடரின் சாகசம்கூட அடுத்தபடிதான்.

இனி முத்து ஐஸ்கிரீம். 1895-ல் அதே லிண்டே, காற்றையே பேரளவில் திரவமாக்கினார். 1901-லேயே ஆக்னெஸ் மார்ஷல் என்ற ஆங்கிலச் சமையல் ஆசிரியை, விருந்து மேசையிலேயே திரவக் காற்றை ஊற்றி ஐஸ்கிரீம் செய்யலாம் என்று எழுதினார். 1988-ல் அமெரிக்காவில், கால்நடைத் தீவனத்துக்கான நுண்ணுயிர்களைத் திரவ நைட்ரஜனில் உறையவைக்கும் பணியில் இருந்த கர்ட் ஜோன்ஸ், ஐஸ்கிரீம் கலவையைத் துளித்துளியாக அதில் விட்டுப் பார்த்தார். மைனஸ் 196 டிகிரி! துளி நொடியில் முத்தாக உறைகிறது. பனிப் படிகங்கள் வளர நேரமில்லாததால் நாக்கில் நறநறவென்று உறுத்துவதில்லை. பூங்காக்களில் புகழ்பெற்றது அதுதான். அதற்கு வேண்டிய நைட்ரஜனைக் கப்பலில் வரவழைக்கத் தேவையில்லை. நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு அதுவே. திண்டுக்கல் காற்றும் பாஸ்டன் காற்றும் இதில் ஒன்றுதான். ஆகவே நம் நகரங்களிலும் திரவ நைட்ரஜன் ஐஸ்கிரீம் கடைகள் தோன்றிவிட்டன.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாக விரியும். விழுங்கிவிட்டால் வயிற்றுக்குள்ளேயே விரியும், குடல் கிழியும். 2024 ஏப்ரலில் கர்நாடகத்தில் புகை பிஸ்கட் தின்ற ஒரு சிறுவன் துடித்த செய்தி பரவியபின், தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை இத்தகைய கடைகளை எச்சரித்தது. கிண்ணத்திலிருந்து எழும் வெண்புகை நைட்ரஜன் அன்று. நைட்ரஜன் கண்ணுக்குத் தெரியாது. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து நுண்துளிகளானதே அந்தப் புகை. கொடைக்கானல் சரிவுகளில் ஏறிவரும் மூடுபனி போன்றதுதான். ஆனால் புகை எழும்வரை அடியில் திரவம் மிச்சம் இருக்கிறது என்று கொள்ளுங்கள். குழந்தை எவ்வளவு அவசரப்பட்டாலும், அது முழுதும் அடங்கியபிறகு கரண்டியைக் கையில் கொடுங்கள்.