உயர்மலை அல்ட்ரா மாரத்தான்: நோயாளிகளும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

மாரத்தான் தொலைவான 42.195 கிலோமீட்டரைக் கடந்த ஓட்டம் அல்ட்ரா மாரத்தான் எனப்படும். லடாக்கில் நடைபெறும் 72 கிலோமீட்டர் கர்துங் லா ஓட்டம், 5,300 மீட்டருக்கும் உயர்ந்த கணவாயைக் கடக்கிறது. அறப்பணிக்கு நிதி திரட்டுவதற்காக இத்தகைய ஓட்டத்தில் பங்கேற்க விரும்பும் இதய, நுரையீரல், நீரிழிவு நோயாளிகள் முதலில் மருத்துவரின் ஒப்புதலைப் பெற வேண்டும்.

லே நகரமே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. எனவே அங்குச் சென்றவுடன் ஓடக் கூடாது. உடல் உயரத்திற்குப் பழகப் பல நாட்கள் தேவை. தலைவலியும் குமட்டலும் தோன்றினால் மேலும் ஏறக் கூடாது. ஓய்விலும் மூச்சுத்திணறல், தள்ளாட்டம், மனக்குழப்பம் ஆகியவை உயிருக்கு ஆபத்தான அறிகுறிகள். உடனடியாகத் தாழ்வான இடத்திற்கு இறக்கி, மருத்துவ உதவி பெற வேண்டும்.

நன்கொடையாளர்களுக்கு அளித்த வாக்கு, ஓட்டத்தை முடித்தே தீர வேண்டும் என்னும் கட்டாயமன்று. எந்த அறிகுறி தோன்றினால் நிறுத்துவது என்பதைப் பராமரிப்பவருடன் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.