நூலில் தொங்கும் பந்து

உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் அட்டையைப் பற்றி இன்று பேசுகிறேன். நியூயார்க்கின் குட்வின் நிறுவனம் 1880களின் பிற்பகுதியில் தன் ‘ஓல்டு ஜட்ஜ்’ சிகரெட் பெட்டிகளுக்குள் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படங்களை வைத்து விற்றது. பெட்டி நசுங்காமல் காக்கவும், வாங்கியவரை அடுத்த பெட்டி வாங்கத் தூண்டவும் அந்த அட்டை உதவியது. அதில் இருந்தது அச்சுப்படம் அல்ல. அசல் புகைப்படத்தையே கனத்த அட்டையில் ஒட்டியிருந்தார்கள்.

முட்டையின் வெள்ளைக்கரு பூசிய மெல்லிய தாளில் பிரதி எடுத்த படம் அது. உருப்பெருக்கியில் பார்த்தால் நிழல் வெளிச்சமாக மாறுவது விட்டுப்போகாமல் தெரியும். தாளின் நார்களும் தெரியும். புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் அது அச்சு இயந்திரத்தில் பிறந்தது. அடுத்தது புறஊதா விளக்கு. தாளைப் பளிச்சென்று வெளுப்பாகக் காட்டும் வேதிப்பொருட்கள் 1950களுக்குப் பிறகே புகைப்படத் தாள்களில் பரவின. விளக்கின் கீழ் தாள் நீலமாக ஒளிர்ந்தால் சந்தேகம் வலுக்கிறது.

ஒளிராவிட்டால்? நான் செவிலியர். காய்ச்சல் இல்லை என்பதற்காக நோயே இல்லை என்று நாங்கள் குறிப்பேட்டில் எழுதுவதில்லை. பழைய வெற்று அட்டையில் புதுப் படத்தை ஒட்டியிருக்கலாம். படத்தில் காணும் ‘1887’ என்பதும் காப்புரிமை ஆண்டுதான். பிரதி பின்னர் எடுக்கப்பட்டிருக்கலாம். ஓரம் மட்டும் புதிதாகத் தெரிந்தால், நைந்த பகுதியை யாரோ விலைக்காக வெட்டியிருக்கலாம். தாள், பசை, அளவு, ஓரம், நிறம் எல்லாம் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

எல்லாச் சோதனையிலும் தேறிய ஓர் அட்டையை எடுத்துக்கொள்வோம். ஆட்டக்காரர் கைகளை உயர்த்திப் பந்தைப் பிடிக்கப் போகிறார். உற்றுப் பாருங்கள், பந்து நூலில் தொங்குகிறது! பின்னால் இருப்பது மைதானம் அல்ல, வரைந்த திரை. பறக்கும் பந்தைப் படமாக்குவது அன்று எளிதல்ல. அதனால் ஸ்டுடியோவில் நிற்கவைத்து எடுத்தார்கள். அட்டை அசல், ஆட்டம் நடிப்பு.

ஆகவே “இது உண்மையா?” என்பதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பொருள் அந்தக் காலத்தைச் சேர்ந்ததா என்பதற்கு லென்சும் விளக்கும் ஓரளவு பதில் சொல்லும். படம் காட்டுவது நடந்ததா என்பதற்கு, யார் எடுத்தார்கள், எங்கே எடுத்தார்கள், எதை விற்க எடுத்தார்கள் என்று தேட வேண்டும். முதல் கேள்விக்கு விடை கிடைத்ததும் விலை பேசத் தொடங்குகிறது சந்தை. வரலாறு படிப்பவர்கள் இரண்டாவதையும் கேட்க வேண்டும்.