பாலம் போயிடுச்சா? ஆத்துக்குள்ள இறங்கு: பாஹா சாலையின் கதை

மெக்சிகோ வரைபடத்துல இடது பக்கம் நீளமா ஒரு வால் தொங்கும் பாருங்க, அதுதான் பாஹா கலிஃபோர்னியா. ஒரு பக்கம் பசிபிக், மறுபக்கம் வளைகுடா, நடுவுல பாலைவனம். சுத்திலும் கடல், ஆனா குடிக்கத் தண்ணி கிடைக்கிறது கஷ்டம்.

1962-ல் டேவ் எகின்ஸ், பில் ராபர்ட்சன் ஜூனியர்னு ரெண்டு பேர் ஹோண்டா பைக்குல வடக்கே டிஹுவானாவிலிருந்து தெற்கே லா பாஸ் வரைக்கும் போனாங்க. சுமார் 1,500 கிலோமீட்டர். அதுல பெரும்பகுதி மண்தடம்தான். போனதுக்கு ஆதாரம் வேணுமே? கிளம்புற ஊர்லயும் சேர்ந்த ஊர்லயும் தந்தி அடிச்சாங்க. அந்த நேர முத்திரைதான் சாட்சி! எகின்ஸுக்கு ஆன நேரம் 39 மணி 56 நிமிஷம்.

1967-ல் புரூஸ் மேயர்ஸ் தன்னோட 'டூன் பக்கி'யில் இதை 34 மணி 45 நிமிஷமாக் குறைச்சார். ஃபைபர்கிளாஸ் உடம்புல ஃபோக்ஸ்வாகன் பாகங்களை மாட்டின வண்டி அது. எஞ்சின் காத்துலயே குளிரும். ரேடியேட்டரே கிடையாது, அதனால கல்லு பட்டு ஒழுகுமோங்கிற பயமும் இல்ல. அதே வருஷக் கடைசியில இந்தப் பாதையில பந்தயமே ஆரம்பிச்சாச்சு. இன்னைக்கு நாம பாஹா 1000-னு சொல்றோமே, அதோட தொடக்கம் இதுதான்.

1973-ல் தீபகற்பம் முழுக்கத் தார்ச்சாலை வந்தது. ஆனா நிறைய இடத்துல ஓடைக்கு மேல பாலம் கட்டல. சாலையே ஓடைக்குள்ள இறங்கி ஏறும். ஸ்பானிஷ்ல அதுக்குப் பேரு 'வாடோ'. நம்மூர் தரைப்பாலம் மாதிரின்னு வச்சுக்கோங்க. வெள்ளம் வந்தா மேலாகப் போகும், வடியிற வரை காத்திருக்கணும். சோம்பேறித்தனமாத் தெரியலாம். எனக்கு என்னவோ அது புத்திசாலித்தனமாத்தான் படுது.

ஏன்னா, இந்தப் பாலைவனத்துல மழை அபூர்வம், பெஞ்சா மொத்தமாப் பெய்யும். மலைச்சரிவுல தண்ணியைப் பிடிச்சு வைக்கச் செடி கொடி அதிகம் இல்ல. காய்ஞ்ச ஓடைகள்ல கல்லும் மணலுமா உருட்டிக்கிட்டு நேரா கடலுக்குப் பாயும். நீங்க நிக்கிற இடத்துல வானம் சுத்தமா இருந்தாலும், மலையில பெஞ்சது உங்களைத் தேடி வரலாம்.

வளைகுடாக் கரையோரமா சான் ஃபெலிப்பேயிலிருந்து தெற்கே போற நெடுஞ்சாலை 5 இதை நேராப் பார்த்துச்சு. பல வருஷம் வண்டியை உலுக்கி எடுத்த தடம் அது. கொஞ்சம் கொஞ்சமாத் தார் போட்டுக்கிட்டே வந்தாங்க, புதுப் பாலங்களும் கட்டினாங்க. 2018 அக்டோபர் தொடக்கத்துல ரோசா புயல் வலுவிழந்துதான் கரை ஏறுச்சு. ஆனா கொண்டு வந்த மழை போதுமானதா இருந்தது. பாலங்கள் உடைஞ்சு விழுந்துச்சு, பல இடத்துல சாலையையே வெள்ளம் அரிச்சுட்டுப் போயிடுச்சு.

கரையோரக் குடியிருப்புகளுக்குப் பெட்ரோல், சாப்பாடு எல்லாம் அந்த வழியாத்தான் வரணும். என்ன செஞ்சாங்க? பழையபடி ஓடைக்குள்ள இறங்கினாங்க. முதல்ல ஒருத்தர் நடந்து போய் மணல் எவ்வளவு இறுகியிருக்குன்னு பார்ப்பார். அப்புறம் டயர் காத்தைக் குறைச்சு, வேகத்தை விடாம மெதுவா உருட்டிக் கரையேறணும். பக்கத்துல புது கான்கிரீட் பாலம் உடைஞ்சு கிடக்க, 1962-ல பைக் போன மாதிரியே வண்டிகள் மறுபடி மணல்ல தடம் பதிச்சுப் போச்சு.