மழைநீரின் பழைய வழியும் மனைக்காரரின் பொறுப்பும்



காட்டாங்குளத்தூரில் நான் வீடு கட்டியபோது, தெருமட்டத்திற்கு மேல் மூன்றடி உயரம் கிராவல் மண் கொட்டி மனையை உயர்த்தினேன். அவ்வாண்டு ஐப்பசி மழையில் எங்கள் வாசற்படி நனையவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்றேன். மறுநாள் காலையில்தான் பின்வீட்டு மூதாட்டியின் அடுப்படியில் முழங்காலளவு தண்ணீர் நிற்பதைக் கண்டேன். "நீங்க மண்ணு கொட்டறதுக்கு முன்னாடி தண்ணி இந்த ஓரமாப் போயிடும், பாய்" என்றார் அவர். அண்டை வீட்டார் உரிமை பற்றிய ஹதீஸ்களை மத்ரஸாவில் பல்லாண்டுகளாகப் பாடம் நடத்துபவன் நான். அன்று தலைகுனிந்து நின்றேன். இந்த மண்ணில் மழைநீர் எவ்வழியே சென்றது, அவ்வழியைக் காத்தவர் யார் என்று தேடத் தொடங்கியது அதன் பின்னரே.

செங்கல்பட்டுச் சீமை ஏரிகளின் நாடு. வற்றாத ஆறு இல்லாத இப்பகுதியில் முன்னோர் பள்ளங்களுக்குக் கரையிட்டு மழையைத் தேக்கினர். மேல் ஏரி நிரம்பினால் உபரிநீர் கலங்கல் வழியே வெளியேறிக் கீழ் ஏரியை அடையும். இப்படிச் சங்கிலியாக அமைந்த ஏரிகளில் ஒரு கால்வாய் அடைபட்டாலும் மேலே வெள்ளம், கீழே வறட்சி. ஆகவே பராமரிப்பு ஊரின் கடமையாயிற்று. உத்திரமேரூரில் உள்ள கி.பி. 919, 921 ஆண்டுகளின் சோழர் கல்வெட்டுகள், ஏரியைக் கவனிக்கவென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட 'ஏரி வாரியம்' பற்றிக் கூறுகின்றன. பிற்காலத்தில் குடிமக்களே கூடி வண்டல் அள்ளிக் கரை செப்பனிடும் வழக்கம் 'குடிமராமத்து' எனப்பட்டது. அது தளர்ந்தபோது, ஆங்கிலேயர் 1858-இல் அவ்வுழைப்பைக் கட்டாயமாக்கச் சட்டமே இயற்றினர்.

பின்னர் இரயில் பாதையையும் ஜி.எஸ்.டி. சாலையையும் ஒட்டி வயல்கள் மனைகளாயின. நஞ்சை கைமாறியது, ஆனால் அந்நஞ்சையோடு ஒட்டியிருந்த கடமை எந்தக் கிரயப் பத்திரத்திலும் எழுதப்படவில்லை. ஏரியை நம்பிப் பயிரிட்டவர் ஆண்டுதோறும் கால்வாய் தூர்வாரினார். மனை வாங்கிய நாமோ, நம் மதிற்சுவருக்கு வெளியே உள்ளதெல்லாம் அரசின் வேலை என்றிருந்தோம்.

2003-ஆம் ஆண்டில் தமிழக அரசு, பழைய கட்டடங்கள் உட்பட அனைத்திலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. குழாயும் குழியும் அமைத்த பலர், மறுபடி அக்குழியைத் திறந்து பார்க்கவில்லை. கூழாங்கல்லிலும் மணலிலும் சேறு படிந்தால் குழி நீரை உறிஞ்சாது. இருந்தும் இல்லாததற்குச் சமம். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. அத்தகைய மழையை வீட்டுக் குழிகள் மட்டும் தடுத்திருக்க இயலாது. ஆயினும் அன்று தண்ணீர் தன் பழைய வழியைத் தேடியே வந்தது. அவ்வழிகளில் நம் வீடுகள் நின்றன.

இனி மதீனாவைப் பாருங்கள். மஹ்ஸூர், முதைனிப் என்னும் ஓடைகளில் மழை வெள்ளம் வந்தபோது, மேல்நிலத்தார் கணுக்கால் அளவு தேக்கியபின் கீழ்நிலத்தாருக்குத் திறந்துவிட வேண்டுமென நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததாக முவத்தாவிலும் அபூதாவூதிலும் காண்கிறோம். பிறருக்குத் தீங்கிழைத்தலும், தீங்குக்குத் தீங்கு செய்தலும் கூடாது என்ற நபிமொழி ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்றாயிற்று. ஹனஃபி சட்டங்களைத் தொகுத்து உஸ்மானியர் 1869 முதல் 1876 வரை வெளியிட்ட 'மஜல்லா' இதனை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. தெருவின் மழைநீர் தொன்றுதொட்டு ஒருவரின் காலிமனை வழியே சென்றால் அவர் அதை அடைக்கக் கூடாது. அடைத்தால் நீதிபதி அத்தடையை அகற்றுவார். புதிதாகக் கட்டியவர் தம் நீரைப் பிறர் வீட்டுக்குள் விடவும் கூடாது. அந்த இரண்டு விதிகளையும் ஒரே வண்டி மண்ணால் மீறியவன் நான் என்பதை அதைப் படித்தபோது உணர்ந்தேன்.

மன்னிப்புக் கேட்டு, மனையின் ஓரத்தில் அகலமாகக் கால்வாய் வெட்டித் தெரு வடிகாலோடு இணைத்தேன். ஒருமுறை வெட்டியதோடு கடமை முடியவில்லை. ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசியில் மொட்டைமாடியைக் கூட்டி, குழியின் மணலை மாற்றி, கால்வாயின் குப்பையை அள்ளுகிறோம். மாணவர்களும் மண்வெட்டியோடு வருகிறார்கள்.

மனை வாங்கவிருக்கும் சகோதரர்களே! விலை பேசுமுன் கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தைக் கேளுங்கள். ஓடையோ வாய்க்காலோ குறிக்கப்பட்டிருந்தால் அதில் கை வைக்காதீர்கள். வீடு கட்டி முடித்தவர்கள் பின்வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "எங்கள் தண்ணீர் உங்கள் பக்கம் வருகிறதா?"

மழையை ரஹ்மத்தாக இறக்குபவன் அல்லாஹ். அதை அண்டை வீட்டாருக்குத் துன்பமாக்காதிருக்க அவனே நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.