சார்லி அண்ணாவின் பிளாட்பாரம்: ஒரு வீடியோ கேமும் ஓர் உறவுச்சொல்லும்

2008 அக்டோபர் 24 அன்று, தீபாவளியை ஒட்டி, ‘ரோட்சைட் ரோமியோ’ என்னும் இந்தி அசைவூட்டப் படம் வெளிவந்தது. மும்பையின் யஷ் ராஜ் ஃபிலிம்ஸும் அமெரிக்காவின் வால்ட் டிஸ்னியும் சேர்ந்து தயாரித்த குடும்பப் படம் அது. ஜுகல் ஹன்ஸ்ராஜ் எழுதி இயக்கினார்; அசைவூட்டத்தை டாடா எல்க்ஸியின் விஷுவல் கம்ப்யூட்டிங் லேப்ஸ் செய்தது. அவ்வாண்டின் சிறந்த அசைவூட்டப் படத்துக்கான தேசிய விருதையும் அது பெற்றது. மாளிகையில் வளர்ந்த ரோமியோ என்ற நாயை அதன் குடும்பம் மும்பைத் தெருவில் விட்டுவிட்டு இலண்டனுக்குக் குடிபெயர்கிறது. தெருவின் சட்டங்களை அது புதிதாகக் கற்கவேண்டியிருக்கிறது.

இப்படத்தைத் தழுவி ஹைதராபாத்தின் கேம்சாஸ்த்ரா நிறுவனம் பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக ஒரு வீடியோ கேம் உருவாக்கியது. பிளேஸ்டேஷன் 3 வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்ட காலம் அது. எனினும், விலை குறைந்த பழைய கருவியே இந்திய நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டக்கூடியதாக இருந்தது. முழுக்க இந்தியாவில் உருவான முதல் பிளேஸ்டேஷன் 2 ஆட்டம் என்று அறிமுகப்படுத்தப்பட்ட ‘ஹனுமான்: பாய் வாரியர்’, 2009இல் ஹைதராபாத்தின் இன்னொரு நிறுவனமான அரோனாவிலிருந்து வந்தது. இந்தியக் கதைகள் இந்தியக் கைகளால் கேம்களாக மாறத் தொடங்கிய தருணத்தின் ஆவணங்கள் இவை.

ரோமியோவின் ஆட்டம் பிளாட்ஃபார்ம் வகையைச் சேர்ந்தது. ஓர் உருவத்தை ஓடவும் மேடைக்கு மேடை தாவவும் தடைகளைக் கடக்கவும் செய்வதே இவ்வகையின் அடிப்படை. 1981இன் ‘டாங்கி காங்’, 1985இன் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ ஆகியவை இதற்கு இலக்கணம் வகுத்தன. டிஸ்னியின் ‘அலாதீன்’ 1993இலும் ‘தி லயன் கிங்’ 1994இலும் இவ்வகை ஆட்டங்களாயின. அசைவூட்டக் குடும்பப் படம் இந்த வடிவத்துக்கு எளிதாகப் பொருந்துவதற்குக் காரணம் உண்டு: குழந்தைக்கு ஏற்கெனவே அறிமுகமான உருவம், கட்டம் கட்டமாக நகரும் பயணம், ஒரே பார்வையில் அடையாளம் தெரியும் எதிரி ஆகிய மூன்றும் படத்திலேயே ஆயத்தமாக இருக்கின்றன.

தமிழில் ‘பிளாட்பாரம்’ என்றால் நடைபாதையும்தான். வீடற்றோர் படுக்குமிடம், சிறுவணிகர் கடை விரிக்குமிடம், தெருநாய் உறங்குமிடம் எல்லாம் அதுவே. ஆட்ட வகையின் பெயரும் அந்த நாயின் முகவரியும் தமிழில் ஒரே சொல்லாக அமைவது தற்செயல். ஆனால் அந்தப் பிளாட்பாரத்தை ஆள்பவனுக்கு ஒரு தமிழ் உறவுச்சொல் பெயராக வாய்த்தது தற்செயல் அன்று. படத்தில் தெருநாய்களின் தாதாவுக்குப் பெயர் ‘சார்லி அண்ணா’. ஜாவேத் ஜாஃப்ரி தென்னிந்திய வாசனை கொண்ட இந்தியில் அவனுக்குக் குரல் கொடுத்தார்.

‘அண்ணா’ திராவிட மொழிகளின் பொதுச்சொத்து. தமிழில் அண்ணன், கன்னடத்தில் அண்ண, தெலுங்கில் அன்ன. மராத்தியிலும் அது மரியாதைச் சொல்லாக வழங்குகிறது. மூத்தவனையும் இளையவனையும் தனித்தனிச் சொல்லால் குறிக்கும் உறவுமுறையில் பிறந்த சொல் அது. இந்தியின் ‘பாய்’ இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை. தமிழ்நாட்டு அரசியலில் ‘அண்ணா’ என்றால் சி. என். அண்ணாதுரை, அதைவிடக் கண்ணியமான பொதுவாழ்வுப் பொருள் அச்சொல்லுக்கு வேறில்லை. இந்தித் திரையிலோ அதே சொல் வேறொரு பாதையில் சென்றது.

அப்பாதை மும்பைத் தமிழரின் குடியேற்ற வரலாற்றோடு பிணைந்தது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த முஸ்லிம்களும் தலித்துகளும் தாராவியின் தோல் தொழிலை வளர்த்தெடுத்தார்கள். 1896இன் பிளேக்குக்குப் பிறகு நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைத்த தாதர்–மாட்டுங்கா குடியிருப்புகளில் எழுத்தர்களும் தட்டச்சர்களும் குடியேறினர். பின்னர் அந்த வாழ்வு செம்பூருக்கும் பரவியது. 1966இல் சிவசேனை தோன்றியபோது அதன் முதல் இலக்காக இருந்தவர்கள் தென்னிந்தியர். லுங்கி ஓர் ஏளனச் சின்னமாயிற்று. இதே தாராவி, மாட்டுங்கா வட்டாரங்களில்தான் வரதராஜ முதலியாரின் செல்வாக்கு வளர்ந்தது. அவருடைய வாழ்வைத் தழுவி 1987இல் மணிரத்னத்தின் ‘நாயகன்’ வந்தது; மறு ஆண்டே ‘தயாவான்’ என்று இந்திக்குப் போனது.

1968இன் ‘படோசன்’ படத்தில் மெஹ்மூத் ஏற்ற பாட்டு வாத்தியார் பிள்ளை, 1990இன் ‘அக்னிபத்’ படத்தில் மிதுன் சக்ரவர்த்தி ஏற்ற இளநீர்க்காரர் கிருஷ்ணன் ஐயர் ஆகியோர் உச்சரிப்பால் சிரிக்கவைத்த தென்னிந்தியர்கள். 1989இன் ‘பரிந்தா’வில் நானா படேகர் ஏற்ற நிழலுலகத் தலைவனுக்குப் பெயர் அண்ணா. கேலிக்குரிய உச்சரிப்பு, அஞ்சத்தக்க ‘அண்ணா’ என்ற இரண்டு மரபுகளும் சார்லி அண்ணா என்ற நாயிடம் வந்து கலக்கின்றன.

ஆயினும் இதை வெறும் தமிழர் வெறுப்பு என்று சுருக்கிவிட முடியாது. மும்பையில் ‘தாதா’ என்பதும் முதலில் மூத்த சகோதரனே. அது ரௌடியைக் குறிக்கலாயிற்று. ‘பாய்’ என்பதும் அப்படியே நிழலுலகத் தலைவனைக் குறித்தது. அரசு எட்டாத இடங்களில் காப்பவனும் மிரட்டுபவனும் ஒருவனாகவே இருந்த நகரம், அவனை அழைக்க உறவுச்சொல்லைத் தவிர வேறு சொல் காணவில்லை. அடைக்கலம் தருபவனை அண்ணன் என்பதும் அச்சம் தருபவனைச் சமாதானப்படுத்த அண்ணன் என்பதும் ஒரே வாய்மொழிச் செயல்தான். தமிழும் இதிலிருந்து தப்பவில்லை: மராத்தியருக்கு அண்ணனாக இருக்கும் ‘தாதா’வை நாமும் ரௌடி என்ற பொருளில்தானே எழுதுகிறோம்! மராத்தியரின் அண்ணன் தமிழில் ரௌடியானான். தமிழரின் அண்ணன் இந்தியில் ரௌடியானான்.

வேறுபாடு ஒன்று உண்டு. ‘பாய்’ என்பதும் ‘தாதா’ என்பதும் அந்நகரின் பெரும்பான்மையோர் நாள்தோறும் அன்போடும் வழங்கும் சொற்கள். திரை அவற்றுக்குத் தரும் பொருளைத் தெருவின் வழக்கு ஈடுசெய்துவிடும். தமிழ் உச்சரிப்போடு வரும் ‘அண்ணா’வுக்கு இந்தி மட்டுமே அறிந்த குழந்தையிடம் அந்த ஈடு இல்லை. கேமில் இது மேலும் கூர்மையாகிறது. படத்தின் வில்லனுக்குப் பாட்டும் நகைச்சுவையும் தடுமாற்றமும் வாய்க்கலாம்; பிளாட்ஃபார்ம் வகையின் இலக்கணமோ எதிரியைக் கடக்கவேண்டிய தடையாகவே காண்கிறது. 2018இல் பா. இரஞ்சித்தின் ‘காலா’ தாராவியின் தமிழ்த் தலைவனைத் தடையாக அன்றி, நிலத்தைக் காப்பவனாக நிறுத்தியது. தெருவை ஆள்பவன் யார் என்ற கேள்வியையே அது மாற்றிக் கேட்டது.

இவ்வரலாற்றை இனி எழுதுவோருக்குப் பெரிய இடர் சான்றுகள்தாம். படங்களைக் காக்க 1964 முதல் புணேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. நூல்களை நூலகங்களுக்கு அளிக்கவேண்டும் என்ற 1954ஆம் ஆண்டுச் சட்டத்தில் வீடியோ கேம்களுக்கு இடமில்லை. பிளேஸ்டேஷன் 2இன் உற்பத்தியும் நின்றுவிட்டது. 2000களின் குழந்தைகள் ‘அண்ணா’ என்ற சொல்லை எதன் வழியாகக் கேட்டார்கள் என்பதை ஆராய, அந்த வட்டுகளும் அவற்றை ஓட்டும் கருவிகளும் வேண்டும். பல்கலைக்கழகத் துறைகள் கல்வெட்டுக்கும் சுவடிக்கும் அடுத்தபடியாக இவற்றையும் சேகரிக்கத் தொடங்குவது நன்று. வட்டுகள் ஓலையைவிட விரைவில் அழிபவை.