பழைய நீள அலைச்சறுக்குப் பலகைகள்

பழைய நீள அலைச்சறுக்குப் பலகைகள் என்பன, 1960களின் இறுதியில் குட்டைப் பலகைகள் பரவுவதற்கு முன்னர் கடலலை மீது நின்று சறுக்கப் பயன்பட்ட பலகைகள் ஆகும். இவற்றுள் பெரும்பாலானவை 9 அடியோ அதற்கு மேலோ நீளமும், அகன்று வளைந்த முன்முனையும் கொண்டவை. இவற்றைத் தேடிச் சேகரிப்பதும், பழுது நீக்கிக் கடலில் ஓட்டுவதும் கலிபோர்னியா, ஹவாய், ஆஸ்திரேலியா முதலிய இடங்களில் ஒரு பொழுதுபோக்காக விளங்குகின்றன. ஓட்டினால் தேயும், ஓட்டாவிட்டால் அதன் இயல்பு அறியப்படாது என்பதே இப்பலகைகளைப் பேணுவோர் எதிர்கொள்ளும் முதன்மையான சிக்கலாகும்.

வரலாறு

மரப் பலகைகள்

ஹவாய்த் தீவுகளில் அலாயா எனப்பட்ட மெல்லிய பலகைகளும், ஓலோ எனப்பட்ட மிக நீண்ட, தடித்த பலகைகளும் வழக்கிலிருந்தன. ஓலோ பெரும்பாலும் குடித்தலைவர்களுக்கு உரியதாக இருந்தது. அதற்கு விரும்பப்பட்ட விலிவிலி மரம் எடை குறைந்தது. தமிழர் அறிந்த கல்யாண முருங்கையின் பேரினத்தைச் சேர்ந்தது.

ஹொனலுலுவிலுள்ள பிஷப் அருங்காட்சியகத்தில் 1855 இல் இறந்த பாக்கி என்னும் தலைவரின் ஓலோ பலகைகள் உள்ளன. 1920களில் டாம் பிளேக் என்பவர் இவற்றைச் சீர்செய்தார். அவற்றைப் போன்ற பலகையைத் தானும் செய்ய முற்பட்டபோது, எடையைக் குறைப்பதற்காக மரத்தில் துளைகள் இட்டு, மேற்புறத்தை மெல்லிய மரத்தால் மூடினார். இம்முயற்சியிலிருந்தே உள்ளீடற்ற பலகை உருவானது. அதற்கு 1932 இல் காப்புரிமை பெற்றார். 1935 இல் பலகையின் அடிப்புறத்தில் துடுப்புப் பொருத்தியவரும் இவரே.

ஹவாய் நீச்சல் வீரர் டியூக் கஹனமோக்கு 1914-15 கோடையில் சிட்னிக்குச் சென்றிருந்தபோது, அங்கேயே பைன் மரத்தில் பலகை செதுக்கி அலைச்சறுக்கிக் காட்டினார். அப்பலகை பிரெஷ்வாட்டர் கடற்கரைக் கழகத்தில் பேணப்படுகிறது.

பால்சாவும் நுரையும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், பால்சா மரத்தின் மேல் கண்ணாடியிழைத் துணியை ஒட்டிப் பிசின் பூசும் முறை பரவியது. பலகைகளின் எடை வெகுவாகக் குறைந்தது. 1956 இல் கலிபோர்னியக் கடற்கரைக் காவலர்கள் இத்தகைய பலகைகளை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு சென்றனர். மலிபு கடற்கரையின் பெயரே அங்கு இவ்வகைப் பலகைக்குப் பெயராயிற்று. 1950களின் இறுதியில் ஹோபி ஆல்டர், கோர்டன் கிளார்க் ஆகியோர் பாலியூரித்தேன் நுரையைப் பயன்படுத்தத் தொடங்கினர். 1959 இல் வெளியான கிட்ஜெட் திரைப்படம் இவ்விளையாட்டைப் பரவலாக்கியது.

வீழ்ச்சி

1966 இல் சான் டியாகோவில் நடந்த உலகப் போட்டியில் ஆஸ்திரேலியரான நாட் யங், அக்கால வழக்கத்தை விட மெல்லிய, 9 அடி 4 அங்குலப் பலகையில் வென்றார். அடுத்த ஆண்டு முதல் பாப் மக்டாவிஷ் முதலியோர் பலகையின் நீளத்தை மேலும் குறைத்தனர். சில ஆண்டுகளுக்குள் நீளப் பலகை பழமையானதாகக் கருதப்பட்டது. பலர் தம் பலகையின் கண்ணாடியிழையை உரித்து, உள்ளிருந்த நுரையைக் குட்டைப் பலகையாகச் செதுக்கிக்கொண்டனர். முழுமையாக எஞ்சியவை அரிதாக இருப்பதற்கு இது ஒரு காரணமாகும்.

ஓட்டும் முறை

நீளமும் மிதப்பும் மிகுந்திருப்பதால் இப்பலகை அலை உடைவதற்கு முன்பே அதனுடன் சேர்ந்துகொள்ளும். எடை மிகுந்திருப்பதால் எடுத்த வேகம் எளிதில் குறையாது. ஆனால் விரைந்து திரும்பாது. திருப்புவதற்கு வீரர் பின்முனைக்கு நடந்து சென்று அதனை அழுத்த வேண்டும். முன்முனை வரை நடந்து, பத்துக் கால்விரல்களும் விளிம்பில் படும்படி நிற்பது இதன் சிறப்பான வித்தையாகும். அவ்வேளையில் பலகையின் பின்பகுதி மீது பாயும் நீர் அதனை அழுத்திப் பிடிப்பதால் பலகை கவிழ்வதில்லை. வைக்கிக்கி, மலிபு போன்ற இடங்களின் நீண்ட, சீரான அலைகள் இதற்கு ஏற்றவை.

சேகரிப்பு

பலகையின் காலத்தை அறியச் சேகரிப்போர் பின்வருவனவற்றை நோக்குவர்:

• உட்பொருள்: திண்மரம், உள்ளீடற்ற மரம், பால்சா அல்லது நுரை.
• நுரையின் நடுவே ஒட்டப்பட்ட மரச்சட்டங்களின் எண்ணிக்கையும் அகலமும்.
• துடுப்பு நிலையாக ஒட்டப்பட்டதா, கழற்றக்கூடியதா என்பது.
• கண்ணாடியிழையின் நிறம். 1960களில் பயன்பட்ட வோலான் துணி இளம்பச்சைச் சாயல் தரும்.
• தயாரிப்பாளரின் சின்னமும் தொடர் எண்ணும்.

சின்னங்களும் காலத்தைக் காட்டும். லாஸ் ஏஞ்சல்சில் 1930களில் ஒரு நிறுவனம் நற்பேற்றின் அடையாளமாக சுவஸ்திகா என்னும் பெயரில் பலகைகளை விற்றது. நாஜிகளால் அச்சின்னத்திற்கு வேறு பொருள் ஏற்பட்டதால் அப்பெயர் பின்னர் கைவிடப்பட்டது.

பாதுகாப்பும் பயன்பாடும்

வெயிலில் நுரை மஞ்சளாகும். வெப்பத்தில் மேலுறை உட்பகுதியிலிருந்து பிரியும். சிறு விரிசல் வழியாகவும் நீர் புகும். பலகையைக் காலுடன் பிணைக்கும் கயிறு 1970களில்தான் பரவியது. எனவே பழைய பலகையிலிருந்து விழுந்தால் அது பாறையில் மோதக்கூடும். கயிறு கட்டத் துளையிட்டாலோ அதன் மூல நிலை கெடும். முழுவதும் தேய்த்துப் புதுப்பூச்சுப் பூசினால் பழைய வண்ணமும் கைவினைஞரின் தடயங்களும் அழிந்துவிடும்.

ஆகவே அரிய பலகைகளை இருந்தபடியே காப்பதும், அவற்றின் அளவுகளைக் கொண்டு செய்த நகல்களைக் கடலில் ஓட்டுவதும், பலமுறை பழுதுபார்க்கப்பட்ட சாதாரணப் பலகைகளைத் தொடர்ந்து பயன்படுத்துவதும் பொருத்தமான வழிகளாகும். பாக்கியின் பலகைகள் காக்கப்பட்டிராவிட்டால் பிளேக்கிற்கு முன்மாதிரி கிடைத்திராது. அவர் அவற்றைப் பார்த்ததோடு நின்றிருந்தால் புதிய பலகையும் பிறந்திராது.

இவற்றையும் பார்க்கவும்

• அலைச்சறுக்கு
• டியூக் கஹனமோக்கு
• பிஷப் அருங்காட்சியகம்